கிரிப்டோ செயலியைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தல்

கிரிப்டோ வாங்கவும் விற்கவும் உதவும் கைபேசிச் செயலி எதுவாயினும் சரி, அதைத் திறந்தவுடன் கண்ணில் படுவது பச்சை நிறப் பொத்தானும், அதன்மேல் 'வாங்கு' என்னும் சொல்லும், இன்று அதிகமாக ஏறிய நாணயங்களின் பட்டியலுமாக இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. செயலியை நடத்தும் ஸ்தாபனத்துக்கு நாம் வாங்கினால் கட்டணம் உண்டு, விற்றாலும் கட்டணம் உண்டு. வாங்கலாமா வேண்டாமா என்று கையிலுள்ள காபி ஆறும்வரை யோசித்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு காசும் வரும்படி இல்லை. ஆகவே நம்மைக் காரியத்துக்குத் தூண்டும் பக்கங்கள் முகப்பில் வந்து நிற்கின்றன. நின்று நிதானிக்கச் செய்யும் பக்கங்களோ, அதாவது பணத்தை வெளியே எடுப்பது எப்படி, கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு பிடித்தார்கள், கணக்குக்குக் காவல் என்ன என்பவையோ, மூன்று சிறு கோடுகளாலான ஒரு குறிக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கின்றன. வியாபாரம் செய்கிறவர் தமக்கு அனுகூலமான வரிசையில் எதையும் அடுக்குவார் என்பதில் குற்றம் காண்பதற்கில்லை. அந்த வரிசையே கற்றுக்கொள்ள வருகிறவனுக்கும் உகந்த வரிசை என்று நாம் எண்ணிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆகையால், புதிதாக இதைப் பழக விரும்பி என்னிடம் வழி கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை சற்றுத் தலைகீழானது. பணம் போடுவதற்கு முன்பே செயலியைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள். வெளியேறும் பக்கத்தை முதலிலும், காவல் பக்கத்தை அடுத்தும், கட்டணத்தையும் வரியையும் அதற்கப்புறமும் பார்த்து முடித்து, அந்தப் பச்சைப் பொத்தானை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடுங்கள். கிரிப்டோ என்பது வருங்காலத்தின் நாணயமா அல்லது நம் காலத்தின் சூதாட்டமா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே புக உத்தேசிக்கவில்லை. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 16,000 டாலருக்கு அருகே வந்து கிடந்தது என்ற ஒரு விவரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, போனாலும் குடும்பத்தின் மாதச் செலவு அசையாத தொகையை மட்டுமே இதில் இறக்குவது என்று தீர்மானித்துக்கொண்டவர்களுக்காகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

எந்தச் செயலி என்ற கேள்விக்கு முன்னால், நம் தேசத்தில் இந்த வியாபாரத்தின் சட்ட ஸ்திதி என்ன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வாயிலாக, கிரிப்டோ வணிகர்களுக்கு வங்கிகள் சேவை செய்யக் கூடாது என்று தடை விதித்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2022இல் வரி வந்தது. 2023 மார்ச்சில், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள், இத்தகைய செயலிகளை நடத்தும் எக்ஸ்சேஞ்சுகள் கொண்டுவரப்பட்டு, எஃப்ஐயு என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டியவை ஆயின. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில், பதிவு செய்யாமல் இங்கே வியாபாரம் நடத்திய பைனான்ஸ் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. பைனான்ஸ் பின்னர் அபராதம் செலுத்திப் பதிவு செய்துகொண்டது. எனவே ஒரு செயலியைத் தேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது எஃப்ஐயுவில் பதிவு பெற்றதா என்பதே. ஆனால் அந்தப் பதிவை யாரும் உத்தரவாதமாக நினைத்துவிட வேண்டாம். வங்கியில் நாம் போடும் வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; செயலியில் கிடக்கும் நாணயத்துக்கு அப்படி எந்தக் காப்பீடும் சட்டத்தில் சொல்லப்படவில்லை. கறுப்புப் பணம் உள்ளே நுழையாமல் கண்காணிப்பதற்கான பதிவே ஒழிய, நம் பணம் வெளியே வந்து சேரும் என்பதற்கான பதிவன்று அது.

செயலியை எங்கிருந்து இறக்குவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பு, டெலிகிராமில் ஒரு 'மேடம்' அனுப்பிய கோப்பு, முகம் தெரியாத சிநேகிதர் சிபாரிசு செய்த 'பிரைவேட் எக்ஸ்சேஞ்ச்' ஆகிய எதையும் நிறுவவே வேண்டாம். இந்தப் போலிச் செயலிகளில் எண்கள் மட்டும் வஞ்சனையின்றி ஏறும். 10,000 போட்டால் இரண்டு நாளில் 14,000 என்று காட்டும். முதலில் ஒரு சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள், அதனால் நம்பிக்கை பிறக்கும். பெரிய தொகை போட்டு எடுக்கப் போகும்போது, 'முதலில் வரியைக் கட்டுங்கள், பிறகு பணத்தை விடுவிக்கிறோம்' என்று தொடங்குவார்கள். முறையான எந்த எக்ஸ்சேஞ்சும் பணத்தை எடுப்பதற்கு முன்நிபந்தனையாக வரி என்ற பெயரில் தனியாகப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. அப்படிக் கேட்டார்களானால் அந்தக் கணமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

கணக்குத் திறக்கும் சடங்கில் சொல்வதற்கு அதிகமில்லை. பான் அட்டை, ஆதார், முகத்தைக் காட்டி ஒரு படம், வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தல், அவ்வளவே. பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்; நம்மவர்களுக்கு இருக்கும் தகப்பன் பெயர், முதலெழுத்துக் குழப்பத்தில் பல விண்ணப்பங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

இனி, வெளியேறும் பக்கத்துக்கு வருவோம். 'வாலட்' அல்லது 'ஃபண்ட்ஸ்' என்ற பகுதியில் 'டெபாசிட்' என்பதன் அருகில் 'வித்டிரா' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் இரண்டு வழிகள் பிரியும்: ரூபாயாக வங்கிக் கணக்குக்கு எடுப்பது ஒன்று, நாணயமாகவே வேறொரு வாலட்டுக்கு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவது வழி நீங்கள் தேர்ந்த செயலியில் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்பதைப் பணம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சில இந்தியச் செயலிகள் வெகுகாலம் அந்த வசதியை அளிக்காமலே வியாபாரம் நடத்தியிருக்கின்றன. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி ஸ்தாபனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகனுக்கு இதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, "நான் ரூபாயாவே எடுத்துக்கறேன் மாமா, இந்த நெட்வொர்க் கிட்வொர்க் எல்லாம் எனக்கு எதுக்கு?" என்றான். "எடுத்துக்கோ மாப்ள. ஆனா ரூபாய்க் கதவு அடைபட்ட அன்னைக்கு இன்னொரு கதவு இருக்குதான்னு தெரிஞ்சு வச்சுக்கிறதுல உனக்கென்ன நஷ்டம்?" என்றேன்.

கதவுகள் அடைபடுவது கற்பனையன்று. 2014 பிப்ரவரியில் டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்ச் முடங்கியபோது ஏறத்தாழ எட்டரை லட்சம் பிட்காயின்களைக் காணோம் என்றார்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. நம் தேசத்தில், 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதைச் செய்தவர்கள் வட கொரியாவின் ஆட்கள் என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் பின்னர் கூட்டாக அறிவித்தன. திருடியவர் யாரானால் என்ன, வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது ஒன்றுதான்: ரூபாயில் ஒரு பகுதியை எடுக்கச் சில வாரங்களில் வழி பிறந்ததேயன்றி, நாணயங்களை எடுக்க ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. செயலியில் எண்களெல்லாம் அப்படியே இருந்தன, தொட்டால் அசையவில்லை. திரையில் நமக்கு எதிரே தெரியும் எண், ஸ்தாபனம் நமக்குத் தர வேண்டிய பாக்கியைக் காட்டும் எண்ணே தவிர, நம் கைவசத்தில் இருக்கும் பொருளன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் கற்பிக்க இயலாது. அந்தச் சம்பவத்தை ஒட்டி எழுந்த ஒரு வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்தே, நம்பிக்கைப் பொறுப்பாக ஒருவருக்காக மற்றொருவர் வைத்திருக்கத் தக்கதே என்று கூறியிருப்பது நமக்குச் சற்று ஆறுதல் அளிக்கும் தீர்ப்பு. ஆயினும் நீதிமன்றத்தின் படி ஏறித்தான் நம் பொருளைக் கேட்க வேண்டும் என்ற நிலைமை ஒருவருக்கும் விரும்பத் தக்கதன்று.

நாணயமாக எடுக்கும் வழியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பணம் திரும்பாமல் போகும் சந்தர்ப்பங்களில் பல இங்கேதான் நேர்கின்றன. ஒரு டாலருக்கு ஒன்று என்ற மதிப்பில் நிற்பதாக டெதர் என்னும் ஸ்தாபனம் வெளியிடும் யுஎஸ்டிடி என்ற நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நாணயம் எதீரியம், டிரான், பிஎன்பி எனப் பல நெட்வொர்க்குகளில் உலவுகிறது. அனுப்பும் பக்கத்தில் ஈஆர்சி20, டிஆர்சி20, பிஇபி20 என்று அவை வரிசையாக நிற்கும். பெறுகிறவருடைய வாலட் எந்த நெட்வொர்க்கில் முகவரி தந்திருக்கிறதோ அதே நெட்வொர்க்கைத்தான் நாமும் தேர வேண்டும். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று வேறொன்றைத் தேர்ந்தால், பணம் போய்ச் சேர்ந்த இடம் தெரிந்திருந்தும் அதை எடுக்க இயலாத விசித்திரமான அவஸ்தை நேரலாம். டிரான் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்குவதால் அதைப் பிரித்தறிவது சுலபம். எதீரியம் முகவரியும் பிஎன்பி முகவரியும் பூஜ்யமும் 'எக்ஸ்' எழுத்துமாக ஒரே உருவில் தொடங்குகின்றன என்பதால், அங்கே கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. எக்ஸ்ஆர்பி போன்ற சில நாணயங்களை ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு கூட 'டெஸ்டினேஷன் டேக்' என்ற எண்ணையும் எழுத வேண்டும். முகவரி அந்த எக்ஸ்சேஞ்சுக்குப் பொது, எண்தான் அதற்குள்ளே உங்கள் கணக்கைக் காட்டுவது.

முகவரியை ஒருபோதும் கையால் தட்டச்சு செய்யக் கூடாது; நகலெடுத்து ஒட்டிய பிறகு முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியான ஆலோசனையே, ஆனால் போதாது. முதலும் முடிவும் உங்கள் முகவரியைப் போலவே தோன்றும்படி வேறொரு முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து உங்களுக்கு அற்பமான ஒரு தொகையை அனுப்பிவைத்து, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் அதை நுழைத்துவிடும் மோசக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை அவசரத்தில் நீங்கள் பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுப்பீர்கள் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. ஆகவே பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், நடுவில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள், பெருந்தொகையை அனுப்புவதற்கு முன் மிகச் சிறிய தொகை ஒன்றை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததைக் கண்ட பிறகு மீதியை அனுப்புங்கள். இரண்டு தடவை கட்டணம் போகுமே என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, வங்கியில் தவறாகப் போன பணத்துக்கு மேனேஜரைப் பார்க்கலாம், இங்கே மேனேஜர் என்று ஒருவர் கிடையாது என்பதே.

காவல் பக்கம், பெரும்பாலும் 'செக்யூரிட்டி' என்ற பெயரில் இருப்பது. ஓடிபி குறுஞ்செய்தி ஒன்றையே நம்பியிருப்பது போதாது; நம் சிம் அட்டையை நம் பெயரிலேயே மறுபடி வாங்கிக்கொண்டு ஓடிபியைத் தம் கைக்கு வரவழைத்துக்கொள்கிறவர்கள் உண்டாகையால், முப்பது நொடிக்கு ஒரு தடவை எண் மாறும் ஆதன்டிகேட்டர் செயலியை இணைத்துக்கொள்ளுங்கள். அதை இணைக்கும்போது ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள். அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்தாவிட்டால், கைபேசி தொலைந்த அன்று திருடனைப் போலவே நீங்களும் உங்கள் கணக்குக்கு வெளியே நிற்க நேரும். எந்தெந்த முகவரிகளுக்கு மட்டும் நாணயம் போகலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி இருந்தால் அதையும் பிரயோகியுங்கள்; அன்னியன் ஒருவன் உள்ளே புகுந்தாலும் உங்கள் சொந்த வாலட்டுக்குத்தான் அவனால் அனுப்ப முடியும். சொந்த வாலட் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் வந்துவிட்டால், அதற்குரிய பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களைக் கைபேசியில் படமெடுத்து வைக்காதீர்கள். அந்தச் சொற்கள்தாம் பணம்.

அடுத்தது கட்டணமும் வரியும். இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசிக்கிறவர்களில் பலர் வாங்கும் உத்தேசத்தையே ஒத்திவைத்துவிடுகிறார்கள். அவர்கள் விவேகிகள் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு தடவையும் வாங்கும்போதும் விற்கும்போதும் இத்தனை சதவீதம் என்று எக்ஸ்சேஞ்ச் கட்டணம் பிடிக்கும். அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இலாபத்தின்மேல் 30 சதவீதம் வரி, அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ். இது 2022 ஏப்ரல் 1 முதல். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தம். உங்கள் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த 30 சதவீதத்துக்கு விலக்கு இல்லை. இலாபத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம், மற்றச் செலவுகளைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கட்டணம் அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க்கு ஒரு நாணயத்தை வாங்கி, விலை 5 சதவீதம் ஏறி 10,500 ஆனபோது விற்றுவிட்டீர்கள்; செயலி உங்களுக்கு 500 ரூபாய் இலாபம் என்று பச்சையாகக் காட்டுகிறது. வாங்கிய கட்டணம் ஜிஎஸ்டியோடு 59 ரூபாய், விற்ற கட்டணம் ஏறத்தாழ 62 ரூபாய், வரியும் செஸ்ஸுமாக 156 ரூபாய். எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 223 ரூபாய். இதற்கிடையில் டிடிஎஸ் என்று 105 ரூபாய் தனியாகப் பிடிபட்டிருக்கும். அது வருஷ முடிவில் வரிக் கணக்கில் சரிக்கட்டப்படுவதாகையால் நஷ்டமன்று, ஆனால் அதுவரையில் உங்கள் உபயோகத்துக்கு இல்லை. ஒரு லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு விலை ஏறாமல் இறங்காமல் பத்து முறை வாங்கி விற்றீர்களானால், பத்தாயிரத்துக்குச் சற்றே குறைந்த தொகை இவ்வாறு முடங்கிவிடும் என்றால், நாளுக்கு நான்கு வியாபாரம் செய்து சம்பாதிப்பதாகச் சொல்லும் வீடியோக்களை எந்த அளவு நம்பலாம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதைக் காட்டிலும் கொடியது, நஷ்டத்தைச் சரிக்கட்ட முடியாது என்ற விதி. பிட்காயினில் 10,000 இலாபமும் வேறொரு நாணயத்தில் 10,000 நஷ்டமும் வந்தால், உங்களைப் பொறுத்தவரை வந்தது பூஜ்யம். வருமான வரித்துறையைப் பொறுத்தவரை உங்களுக்கு 10,000 இலாபம், கட்ட வேண்டியது 3,120 ரூபாய். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் இயலாது. ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொரு கிரிப்டோ வாங்கினாலும், ரூபாய் கையில் வராவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் அது விற்பனையே. பங்குச் சந்தையில் பழகிய பழக்கத்தோடு இங்கே வருகிறவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு செயலியிலும் 'ரிப்போர்ட்ஸ்' அல்லது 'டாக்ஸ்' என்ற பக்கத்தில் ஆண்டுக் கணக்கைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது; அது எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவைத்தால் ஜூலை மாதத்தில் ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்கும்போது நிம்மதியாக இருக்கலாம்.

இவ்வளவையும் கடந்தபின் 'மார்க்கெட்ஸ்' பக்கத்தைத் திறவுங்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள், எதிரே விலை, அதற்கு எதிரே 24 மணி நேரத்தில் ஏறிய அல்லது இறங்கிய சதவீதம். இந்தச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, தீபாவளியும் இல்லை, விலை மிக அதிகமாகச் சரிந்தால் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் ஏற்பாடும் இல்லை. ஒரே நாணயம் ரூபாய் ஜோடியாகவும் யுஎஸ்டிடி ஜோடியாகவும் இருமுறை காணப்படும். செயலிகளில் யுஎஸ்டிடியின் ரூபாய் விலை பெரும்பாலும் வங்கி டாலர் விலையைவிட உயர்ந்தே நிற்பதால், 'டாலர் விலை இவ்வளவுதானே, இங்கே ஏன் அதிகம்?' என்று திகைக்க வேண்டாம். விலை குறைந்த நாணயம் மலிவான நாணயம் என்ற மயக்கம் இங்கே எல்லோருக்கும் வருகிறது. ஷிபா இனு என்ற நாணயம் ஒரு பைசாவுக்கும் குறைவாகக் கிடைக்கிறது, அது ஒரு ரூபாய் ஆகிவிட்டால் என்னவாகும் என்று கணக்குப் போடுகிறவர்கள், அந்த நாணயம் கோடி கோடியாக, அதாவது உலகத்திலுள்ள ஒவ்வொரு மனிதனுக்கும் பல்லாயிரம் வீதம் பங்கிடும் அளவுக்கு உலவுகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிட்காயினை முழுதாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பகுத்த சதோஷி என்ற சிற்றலகு வரை வாங்கலாமாகையால், சில நூறு ரூபாய்க்கும் அதில் ஒரு துளி கிடைக்கும்.

நாணயத்தின் பெயரைத் தொட்டால் சார்ட் வரும். பச்சையும் சிவப்புமான அந்தக் கேண்டில்களை ஜப்பானிய அரிசி வணிகர்களின் காலத்திலிருந்து வந்த மரபு என்பார்கள். ஒவ்வொரு கேண்டிலும் குறிப்பிட்ட ஒரு கால அளவில் தொடங்கிய விலை, முடிந்த விலை, தொட்ட உச்சம், தொட்ட தாழ்வு ஆகிய நான்கையும் காட்டுகிறது. நடந்ததை அது அழகாகச் சொல்லும். நடக்கப்போவதையும் சொல்லும் என்று நம்புகிறவர்களோடு வாதிடுவதில் எனக்குப் பிரியமில்லை. ஒரு நிமிஷ சார்ட்டை விட்டு ஒரு வார சார்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

எனக்குச் செயலியில் மிகவும் பிடித்த இடம் ஆர்டர் புக். நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் இருவர் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை மற்றொருவர் பற்றி, சுற்றியிருப்பவர் ஒருவருக்கும் தெரியாமல் விலை பேசி முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்டர் புக் என்பது அந்தத் துண்டை எடுத்துவிட்டால் என்ன தெரியுமோ அது. ஒரு பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள் கேட்கும் விலையும் அளவும், மறுபக்கம் விற்கக் காத்திருப்பவர்கள் சொல்லும் விலையும் அளவும் வரிசையாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு ஸ்பிரெட் என்று பெயர். பிரபலமான நாணயத்தில் அது மிகக் குறுகியதாகவும், பேர் தெரியாத நாணயத்தில் அகன்றும் இருக்கும். விற்பவர்களில் ஒருவர் 100 ரூபாய்க்கு ஐம்பதும், அடுத்தவர் 101க்கு ஐம்பதும், அதற்கடுத்தவர் 105க்கு நூறும் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். திரையில் விலை 100 என்று காட்டுகிறது. நீங்கள் 'மார்க்கெட் ஆர்டர்' என்பதைத் தேர்ந்து நூற்றைம்பது வேண்டும் என்றால், மூவரிடமும் வாங்கி 15,300 ரூபாய் செலவாகி, சராசரி விலை 102 ஆகிவிடும். எந்த விலையானாலும் இப்போதே வேண்டும் என்பதே மார்க்கெட் ஆர்டரின் பொருள். 'லிமிட் ஆர்டர்' என்பதோ, 100க்கு மேல் தர மாட்டேன் என்று எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பது. முதல் ஐம்பது கிடைக்கும், மீதி அந்த விலைக்கு யாரேனும் இறங்கி வந்தால் கிடைக்கும். காத்திருக்கும் ஆர்டருக்குப் பல எக்ஸ்சேஞ்சுகள் கட்டணத்தையும் குறைத்தே வாங்குகின்றன.

முகப்பில் பளபளக்கும் அந்த 'உடனடி வாங்கு' வசதியில் ஆர்டர் புக் கண்ணில் படுவதில்லை. கட்டணம் இல்லை என்றுகூட அங்கே எழுதியிருக்கலாம். அதே நேரத்தில் அதே நாணயத்தை விற்றால் என்ன விலை தருவார்கள் என்று பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வாங்க 102, விற்க 98 என்று இருந்தால், நூற்றுக்கு நான்கு ரூபாய் எங்கே போயிற்று என்பது விளங்கிவிடும்.

'ஸ்டாப் லிமிட்' என்ற மூன்றாவது வகையும் உண்டு. விலை 90க்கு இறங்கினால் 89 வரையில் விற்றுவிடு என்பது போன்ற கட்டளை அது. நஷ்டத்துக்கு எல்லை கட்டப் பயன்படுவது உண்மையே என்றாலும், விலை 91லிருந்து ஒரே பாய்ச்சலில் 85க்குப் போய்விட்டால் உங்கள் ஆர்டர் நிறைவேறாமல் அங்கேயே நிற்கும் என்பதையும் அறிந்திருங்கள்.

திரையின் கீழ் வரிசையில் 'ஃபியூச்சர்ஸ்' என்று ஒன்று இருக்கும். புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்று நான் ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பேன். ஆனால் ஃபியூச்சர்ஸில் டிடிஎஸ் பிடித்தம் இல்லை என்பதையே விளம்பரமாக்கிப் புதியவர்களை அங்கே அழைக்கும் செயலிகள் இருப்பதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. 10 மடங்கு லெவரேஜ் என்றால், 1,000 ரூபாயை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய்க்கான ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள்; விலை பத்து சதவீதம் எதிராகப் போனால், நடைமுறையில் அதற்குச் சற்று முன்பே, உங்கள் ஆயிரமும் கரைந்து, எக்ஸ்சேஞ்ச் தானே உங்கள் நிலையை முடித்துவிடும். அதற்குப் பெயர் லிக்விடேஷன். 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் சரிந்தது. 2025 அக்டோபர் 10 அன்று அமெரிக்க ஜனாதிபதி சீனாவின் மீது புதிய சுங்கவரி அறிவித்ததை அடுத்து, ஏறத்தாழ 1,900 கோடி டாலர் மதிப்புள்ள நிலைகள் இவ்வாறு முடிக்கப்பட்டன. நம் ஊர் நேரப்படி அது நடுநிசி கடந்த வேளை. தூங்கி எழுந்து செயலியைத் திறந்தவர்களுக்கு விலை மறுபடி ஓரளவு ஏறியிருந்ததைப் பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது, நிலைதான் இல்லை.

'ஏர்ன்' என்ற பகுதியையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். நாணயத்தை எங்களிடம் விட்டுவையுங்கள், வட்டி தருகிறோம் என்பது அதன் சாரம். 2022 ஜூனில் அமெரிக்காவின் செல்சியஸ் என்னும் ஸ்தாபனமும், அடுத்த மாதம் இந்தியர் பலர் கணக்கு வைத்திருந்த சிங்கப்பூரின் வால்ட் என்னும் ஸ்தாபனமும் பணம் எடுப்பதை நிறுத்திவைத்தது இதே ஏற்பாட்டின் பேரில்தான்.

இனிப் பச்சைப் பொத்தான். சிறு தொகை ஒன்றை யுபிஐ வழியாகவோ ஐஎம்பிஎஸ் வழியாகவோ, உங்கள் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே போடுங்கள். அடுத்தவர் கணக்கிலிருந்து போட்டால் அதைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதற்காரியமாக அதில் பாதியை ரூபாயாகவே வங்கிக்குத் திரும்ப எடுத்துப் பாருங்கள், எத்தனை நேரத்தில் வருகிறது, எவ்வளவு கட்டணம் பிடிக்கிறார்கள் என்று. அது வந்து சேர்ந்த பிறகு, மீதியில் பிட்காயினின் ரூபாய் ஜோடியைத் திறந்து, லிமிட் ஆர்டரைத் தேர்ந்து, வாங்கும் வரிசையில் முதலில் நிற்கும் விலையை ஒட்டி ஒரு விலை எழுதி, கீழே காட்டும் மொத்தத் தொகையையும் கட்டணத்தையும் ஒரு தடவை வாசித்துவிட்டு அழுத்துங்கள். நிறைவேறிய பகுதி 'ஆர்டர் ஹிஸ்டரி'யில் போய்ச் சேரும். தேதி, விலை, அளவு, கட்டணம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள், செயலியே ஒருநாள் திறக்காமற்போனாலும் வரிக் கணக்குக்கு அது உதவும். நிறைவேறாத பகுதி 'ஓபன் ஆர்டர்ஸ்' பக்கத்தில் இரவு முழுவதும் காத்துக்கொண்டிருக்கும், அதற்கான ரூபாயும் அதுவரை இருப்பில் முடங்கியிருக்கும். மனம் மாறினால் அங்கேயே 'கேன்சல்' என்பதைத் தொடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.